ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு: நம் கடற்கரை ஈன்ற கலைஞனின் வாழ்வும் குடியும்

ஜூபிலி மலர் என்றால் அதில் புனிதர் ஒருவரின் வரலாறும், பங்கைக் கட்டி வளர்த்த குருக்களின் வரிசையும், ஆலயம் எழும்பிய கதையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றின் நடுவே ஒரு சினிமா நடிகரின் வரலாறு எதற்கு என்று பங்கு மக்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். நாம் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இவர் கடலை நம்பி வாழும் மக்களிடையே பிறந்த கத்தோலிக்கப் பிள்ளை. இவரைச் சாய்த்த நோய் எளாவூரிலும், பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள நம் குப்பங்களிலும் வீட்டுக்கு வீடு அறிமுகமான நோய். அறிமுகமானது என்பதாலேயே அதை நோய் என்று எவரும் அழைப்பதில்லை.

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தூத்துக்குடியில் சந்திரபாபு பிறந்தார். அந்த நாள் முத்துக்குளித்துறையில் பெருநாள் என்பதை நாம் அறிவோம். பனிமய மாதாவின் திருவிழா அன்றுதான். ஆகவே பெற்றோர் இட்ட ஜோசப் பனிமயதாஸ் என்ற பெயரில் அன்னையின் பெயரும் சேர்ந்துகொண்டது. தந்தையார் ஜே. பி. ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், சுதந்திர வீரன் என்ற பத்திரிகையை நடத்தியவர். ஆங்கில அரசின் கோபத்துக்கு ஆளான அக்குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு மேல்நாட்டு இசையும் நடனமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டன. 1943-இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறியது.

1947-இல் தன அமராவதி என்ற படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன் பிறகு ஸ்டூடியோ வாசல்களில் காத்திருந்த காலம் நீண்டது. பசியும் ஏமாற்றமும் தாங்காமல் 1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். பிழைத்து, வழக்காகி, நீதிமன்றத்தில் நின்றபோது ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தம் கையைச் சுட்டுக்கொண்டார் என்றும், சூடுபட்டதைப் பிறர் பார்க்கலாம், அதன் வேதனையைப் பட்டவன் மட்டுமே அறிவான் என்பதை நீதிபதிக்கு அப்படி உணர்த்தினார் என்றும் திரையுலகில் சொல்லப்படுகிறது. ஜெமினி நிறுவனத்தின் மூன்று பிள்ளைகள் படத்தில் அதே ஆண்டு அவருக்கு வாய்ப்பு வந்தது.

பின் நடந்ததைத் தமிழகம் அறியும். குலேபகாவலி (1955), புதையல் (1957), நாடோடி மன்னன் (1958), மரகதம் (1959) என்று படங்கள் வரிசையாக வந்தன. சபாஷ் மீனாவில் (1958) இரட்டை வேடம் பூண்டு, அதிலொன்றில் ரிக்‌ஷாக்காரராகச் சென்னைத் தமிழ் பேசியதை நம் பெரியவர்கள் இன்றும் நடித்துக் காட்டுவார்கள். பிறர் குரலுக்கு வாயசைக்காமல் தம் பாட்டைத் தாமே பாடியவர். தொண்டைக்குள் குரலைப் புரட்டிப் புரட்டி மேலேற்றும் மேல்நாட்டு மலைவாசிகளின் பாட்டு முறையைத் தமிழ்ப் பாட்டில் கொண்டுவந்தவர். அன்னை (1962) படத்தில் அவர் பாடிய தத்துவப் பாட்டு இன்றளவும் நம் திருவிழா ஒலிபெருக்கிகளில் ஞானப்பாடல்கள் ஓய்ந்த இடைவெளியில் ஒலிப்பதுண்டு. வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

புகழ் வந்த அளவுக்கு நிம்மதி வரவில்லை. 1958-இல் நடந்த திருமணம் சிறிது காலத்திலேயே பிரிவில் முடிந்தது. கேசவப்பெருமாள்புரத்தில் காரோடு மாடிக்கே ஏறிச் செல்லும்படி ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார் என்பார்கள். அது அவர் கையில் நிலைக்கவில்லை. சொந்தமாக எடுக்கத் தொடங்கிய மாடி வீட்டு ஏழை பாதியில் நின்று, போட்ட பணம் முடங்கிக் கடனாயிற்று. 1966-இல் தாமே இயக்கிய படத்துக்கு நற்செய்தியிலிருந்தே பெயர் எடுத்துத் தட்டுங்கள் திறக்கப்படும் என்று வைத்தார். அதுவும் ஓடவில்லை. வாய்ப்புகள் குறைந்தன, குடி பெருகியது. 1974 மார்ச் 8-ஆம் நாள், 46-ஆம் வயதில் இறந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அவரைப் பற்றிப் பேசுகிற எவரும் கதையைச் சொல்லும் வரிசை ஒன்றுதான். மணவாழ்வு உடைந்தது, படம் தோற்றது, பணம் போயிற்று, ஆகவே குடித்தார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மணவாழ்வு உடைந்தவர் எல்லாரும் குடிநோயாளி ஆவதில்லை. படமெடுத்துப் பணத்தை இழந்தவர்களைச் சேர்த்தால் கோடம்பாக்கமே கொள்ளாது. துக்கம் ஒருவனைக் கடைவரை அழைத்துச் செல்லலாம். துக்கம் ஆறிய பின்னும் அவனை அங்கேயே கட்டிப்போடுவது வேறொன்று. அதற்குத்தான் குடிநோய் என்று பெயர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. சந்திரபாபு புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்தச் செய்தி நம் ஊர்களுக்கு வந்து சேர இன்னும் வெகுகாலம் பிடித்தது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் திரையில் ஓங்கியிருந்த ஆண்டுகள் முழுவதும் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு அமலில் இருந்த ஆண்டுகள். 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல்தான் தளர்த்தப்பட்டது. உடல்நிலையைக் காட்டி பெர்மிட் வாங்கிக் குடிக்கும் வழி வசதியுள்ளவர்களுக்கு இருந்தது, இல்லாதவர்களுக்குக் கள்ளச்சாராயம் இருந்தது. ஆகவே சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டிலுள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. நம் ஊரோ மாநில எல்லைச் சோதனைச் சாவடியால் பெயர் பெற்ற ஊர். இதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சந்திரபாபு கதாநாயகனாக நடித்த கவலை இல்லாத மனிதன் (1960) படத்தைத் தயாரித்தவர் கவிஞர் கண்ணதாசன். ஒருநாள் படப்பிடிப்புக்கு நடிகர் வரவில்லை என்று கவிஞரே அவர் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தாராம். உள்ளே தூங்குகிறார் என்று சொல்லப்பட்டது. வெகுநேரம் கழித்துத்தான், அவர் பின்வாசல் வழியே எப்போதோ போய்விட்டார் என்பது தெரிந்ததாம். சினிமாக்காரர்கள் இதைச் சிரிப்புக் கதையாகவே சொல்வார்கள். அது குடியால் நேர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் குடிநோய் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பின்வாசல் எதுவென்று தெரியும். முன்கூடத்தில் ஆள் காத்திருக்கும்போது தூங்குகிறார், காய்ச்சல், வெளியூர் போயிருக்கிறார் என்று வீட்டார் சொல்லத் தொடங்குகிற அன்றே ஒரு மணி அடித்துவிட்டது. வேடிக்கை மனிதர், கலைஞர்கள் அப்படித்தான் என்று சுற்றியிருப்பவர்கள் சிரித்து மழுப்பினால் அந்த மணியோசை காதில் விழுவதில்லை.

அந்த மணி நம் வீடுகளில் எப்படி அடிக்கிறது என்பதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம். தெருவில் விழுந்து கிடப்பவனைக் குடிகாரன் என்று சொல்ல அறிவு தேவையில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவன் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு, ஞாயிறு திருப்பலிக்கு வெள்ளைச் சட்டையோடு வந்துகொண்டிருக்கும்போதே அடையாளங்கள் தோன்றுகின்றன.

முதல் அடையாளம் பெரும்பாலும் புகழ்ச்சியாகவே பேசப்படுகிறது. எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டான், ஆள் இரும்பு என்று நண்பர்கள் மெச்சுவார்கள். மருத்துவர்கள் பயப்படுவது இதைக் கண்டுதான். முன்பு ஒரு குவளையில் கிடைத்த மயக்கத்துக்கு இப்போது மூன்று குவளை வேண்டியிருக்கிறது என்றால், உடல் நஞ்சுக்குப் பழகிக்கொண்டது என்று பொருள். தாங்கும் சக்தி ஏறுவது பலமன்று, நோயின் வாசற்படி.

அடுத்தது அவசரம். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் எழுந்து போய் முதலில் ஒன்று ஊற்றிக்கொண்டு வருவார். குடி இல்லாத விருந்துக்கு வரமாட்டார். பழைய நண்பர்கள் மெல்ல விலகி, குடிப்பவர்கள் மட்டும் நண்பர்களாக மிஞ்சுவார்கள். பிறகு ஒளிப்பு. கூரை இடுக்கிலும், வலைக் குவியலுக்குள்ளும், படகின் பலகைக்கடியிலும் பாட்டில் தென்படும். நாலு பேரோடு உட்கார்ந்து குடிக்கிறவர் தனியாகக் குடிக்கத் தொடங்கியிருக்கிறார் என்றால் குடிப்பது மகிழ்ச்சிக்காக என்ற பேச்சு அங்கே முடிந்துவிட்டது.

முந்தின இரவு தாம் பேசியதும் செய்ததும் காலையில் நினைவில்லாமல் போவது இன்னொன்று. மனைவி சொன்னால் பொய் சொல்கிறாள் என்று கோபப்படுவார். பல சமயம் அவருக்கு உண்மையிலேயே நினைவிருப்பதில்லை. குடியைப் பற்றிக் கேட்டவுடன் சீறி விழுவதும், சற்று நேரத்தில் குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு வந்து அழுவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

நம் ஏரியில் பாடு முறை உண்டு. குலுக்கிப் போட்டு, இன்னாருக்கு இந்த நாள், இந்த இடம் என்று ஊர் பிரித்துக் கொடுக்கிறது. தன் முறை வருகிற நாளை ஒரு மீனவன் மறப்பதென்றால் அது சாதாரணமன்று. இறால் வரத்துள்ள நாளில் தன் பாட்டைத் தவறவிட்டவனை ஊர் சோம்பேறி என்கிறது. சோம்பேறியாக இருந்தால் முன்பும் அப்படித்தான் இருந்திருப்பான். உழைப்பாளியாக இருந்தவன் முறை தவறினால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். வலை பின்னும் ஊசியைப் பிடித்த கை காலையில் நடுங்கி, ஒரு வாய் ஊற்றிக்கொண்டபின் நடுக்கம் நின்றால், நோய் வெகுதூரம் முன்னேறிவிட்டது. அப்போது அவர் குடிப்பது போதைக்காக அல்ல, எழுந்து நிற்பதற்காக. இதற்குள் சோறு குறைந்திருக்கும், உடல் மெலிந்திருக்கும்.

தவக்காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது நாளும் ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கிறாரே, வேளாங்கண்ணிக்கு மாலை போட்டால் நிறுத்திவிடுகிறாரே, அவர் எப்படிக் குடிநோயாளி ஆவார் என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்பதுண்டு. அவர் நிறுத்தியது உண்மை, அந்த விரதமும் பொய்யல்ல. ஆனால் பார்க்க வேண்டியது நாற்பத்தோராம் நாளை. பாஸ்கு ஞாயிறன்று ஒரே ஒரு குவளை என்று தொடங்கியவர் அந்த ஒன்றோடு எழுந்திருக்க முடிகிறதா? முடியாமல் செவ்வாய்க்கிழமை வரை நீள்கிறது என்றால், விட்ட இடத்திலேயே நோய் காத்திருந்தது. பலருக்கு அந்த நாற்பது நாள், தன்னிடம் கோளாறு இல்லை என்று தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழாகிவிடுகிறது.

மற்றோர் எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. நெடுநாள் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வரலாம். வலிப்பு வரலாம். இல்லாதவற்றைக் கண்டு அலறலாம், உறவினரையே அடையாளம் தெரியாமல் போகலாம். பேய் பிடித்தது என்று மந்திரித்துக் கயிறு கட்டும் வீடுகளும், வைராக்கியமாக இரு என்று அறையில் பூட்டி வைக்கும் வீடுகளும் உண்டு. இரண்டும் ஆபத்து. இது மருத்துவமனையில் மருந்தோடு கடக்க வேண்டிய கட்டம், தாமதித்தால் உயிருக்கே உலை வைக்கும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. படகுக்காரரிடம் காய்ச்சல் என்று சொல்வதும், மீன் கூடை சுமந்து சேர்த்த பணத்தில் கடைக்கடனை அடைப்பதும், வாந்தியைக் கழுவிவிட்டுப் பிள்ளைகளிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதும் அன்பினால்தான். ஆனாலும் குடிப்பதால் வரும் நட்டத்தையெல்லாம் மனைவியே தாங்கிக்கொண்டால் கணவனுக்குத் தன் நிலை தெரியவே வழியில்லை. சந்திரபாபுவுக்கு அன்பான நண்பர்கள் இல்லாமல் இல்லை. இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன் உயிர்த்தோழர், கடைசிவரை கைவிடாதவர். அன்பு ஒன்று மட்டும் இந்த நோயைக் குணமாக்கப் போதுமானதாயிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

பிழைத்தவர்கள் உண்டா என்றால், உண்டு. அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட்டின் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்கலாம். 1856-இல் பிறந்த அவர் 12 வயதில் மதுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே குடிக்கத் தொடங்கினார். தெருவில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைக் களவாடி விற்றுக் குடித்த அளவுக்குப் போனார். 1884-இல், 28-ஆம் வயதில், கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றபோது, தாம் எத்தனையோ முறை வாங்கிக் கொடுத்த நண்பர்கள் ஒருவர்கூட உள்ளே அழைக்காமல் கடந்து போனார்கள். வீட்டுக்குத் திரும்பியவர் அன்றே குருவிடம் போய் மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார். ஆயுள் முழுவதற்கும் என்று அவர் தொடங்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்தது, வாக்கைப் புதுப்பித்தார், பிறகு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1925-இல் பூசைக்குப் போகும் வழியில் இறந்த அவரை 1975-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

டால்பட்டுக்குத் துணை தினப்பூசையும் செபமும். இன்று அவற்றோடு வேறு துணைகளும் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் ஆதரவாக நின்று தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இப்போது தமிழகத்திலும் பல ஊர்களில் நடக்கின்றன. காசு இல்லை, பெயரைக் கேட்பதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே நுழைவுச்சீட்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு.

சந்திரபாபு நோயுற்றிருந்த நாளில் சென்னையில் இதற்கென்று தனியாக இன்றுள்ளது போன்ற மருத்துவமனை இல்லை. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1980-இல், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் கணவரின் பெயரில் டி. டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிவது அதைத்தான். நோயாளிக்கு மட்டுமன்றி மனைவி, பெற்றோருக்கும் அங்கே ஆலோசனை தரப்படுகிறது. 1992-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சந்திரபாபுவின் உடல் மயிலாப்பூரை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடையாறு கடலோடு கலக்கும் இடத்தருகே, ஆற்றின் வடபுறம் இருக்கிறது அது. டி.டி.கே. மருத்துவமனை ஆற்றின் தென்புறம், இந்திரா நகரில். சாந்தோமுக்குத் திருயாத்திரை போகும் நம் பங்கு மக்கள் எளாவூரில் மின்ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், இரண்டு இடத்துக்கும் பேருந்து உண்டு.